பதினாலு போல்ட்

என் இடது கால் கிளட்ச் மிதிக்காது.
நாலு வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போனது.
அதனால்தான் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்.
என்னுடையது மூன்றாவது கை.

கொருக்குப்பேட்டை கேட் திறந்ததும்
கியரைப் போட்டால் ஒரு நொடி யோசிக்கும்,
அட்வான்ஸ் கேட்டவனை முதலாளி பார்ப்பதுபோல.
பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே என்னைத் திட்டுவான்.

"கருத்துப்போச்சுக்கா ஆயிலு. மோந்து பாருங்க."
எபிநேசர் டிப்ஸ்டிக்கை நீட்டினார்.
அடிப்பிடித்த வெல்லப்பாகு.

இன்ஜினுக்கு அடியில் ஒரு திருகு உண்டு,
கழற்றினால் கசடு தானாக இறங்கும்.
கியர்பெட்டியின் தட்டுக்கு அது இல்லை.
பதினாலு போல்ட்டையும் தளர்த்தி
ஒரு மூலையை மட்டும் மெல்லச் சாய்த்து
அது நம் பேச்சைக் கேட்கும் என்று நம்ப வேண்டும்.

போன முறை கேட்கவில்லை.
நாலு லிட்டர்.
எபிநேசரின் காதில், தோளில், பனியனுக்குள்,
பிறகு தரையில்,
பிறகு தெருச்சரிவில் சிவப்பாகக் கால்வாயைத் தேடிக்கொண்டு.
பட்டறைப் பையன் ஜாவித் மணலைக் கொட்டினான்.
நான் ஊன்றுகோலால் அணை கட்டினேன்.

"எவன்க்கா செஞ்சான் இத்த, வழியே வெக்காம?"

எனக்கு அவனைத் தெரியும் போலிருந்தது.
எங்கள் தெருவைப் போட்டவனும் அவன்தான்.
நாலு பக்கமும் உயர்த்தி, நடுவில் எங்களை வைத்து,
ஐப்பசியில் நிரம்பவிட்டு
கார்த்திகையில் மோட்டாரோடு வந்து இறைப்பவன்.

இந்த முறை கழற்றிய தட்டை உடனே மாட்டவில்லை.
மண்ணெண்ணெயில் கழுவினார்.
உள்ளே மூலையில் ஒரு காந்தம்,
அதன்மேல் மைபோலக் குழைந்த இரும்பு.
"மாவா இருந்தா பரவால்ல. சில்லு சில்லா வந்தாதான் அழுவணும்."

துளை எங்கே என்பதில் முக்கால் மணி நேரம் போனது.
நடுவில் போட்டால் உள்ளே ஃபில்டர் இடிக்கும்.
அடியில் தொங்கினால்
எண்ணூர் ஹைரோட்டின் வேகத்தடை ஏதாவது ஒன்று
பிடுங்கிப் போட்டுவிடும்.
பின்பக்கச் சரிவில், அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே
சாக்பீஸால் புள்ளி வைத்தார்.
"அந்த ஒரு விரற்கடை ஆயில் உள்ளயே தங்கிடும்."
தங்கட்டும் என்றேன்.
முழுக்க வடிந்தது என்று எதை நான் பார்த்திருக்கிறேன்?

சென்டர் பஞ்ச். ஒரே அடி.
சின்ன பிட், பிறகு பெரியது.
தகடு தெருமுனைவரை கேட்கக் கத்தியது.
மெல்லிய தகட்டில் மரை நிற்காது,
மூலக்கொத்தளம் லேத்தில் கடைந்த இரும்பு வளையத்தை
பித்தளை உருக்கி ஒட்டினார்,
அவசரப்பட்டால் சூட்டில் தகடு நெளியும் என்று
சுற்றிலும் ஈரத்துணி போட்டு,
டீயை ஆறவிட்டு.

ப்ளக். செம்பு வாஷர்.
தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி
முந்தின நாள் பேப்பர்மேல் இரவெல்லாம் வைத்தார்கள்.
எனக்குத் தூக்கமில்லை. மழை வேறு.

காலையில் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால்
பேப்பரின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.
தங்கம் விலைக்குமேல் பெரிய ஈரம்.
யாரும் பேசவில்லை.
எபிநேசர் குனிந்து, தொட்டு, மோந்து பார்த்தார்.
"மழத்தண்ணி. கூரதான் ஒழுவுது."
ஜாவித் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

புது கேஸ்கெட். பதினாலு போல்ட்,
குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக.
பழைய ஆயில் கேனில்;
வெள்ளிக்கிழமை வருபவன் எடுத்துப் போவான்,
எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கேட்டில் இன்னும் யோசிக்கிறது வண்டி.
அரை நொடி.
மீதி அரையை எபிநேசர் வாங்கித் தந்திருக்கிறார்.

குனிய முடியாததால்
பவுடர் டப்பாக் கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு
ஊன்றுகோல் நுனியில் கட்டி
வண்டிக்கடியில் நீட்டிப் பார்த்தேன் இன்று.
ஆறு முனைகள், ஓரத்தில் செம்புக்கோடு.
சொட்டு இல்லை.
கண்ணாடியைத் திருப்பும்போது
ஒரு பூனை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.